மிஸ்டர் ஸ்குவிட் பயிற்சிக் கருவி: மீக்கடத்து இணைகளின் சமச்சீரைக் கற்பிக்க எந்த அளவு உதவும்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாந்தா ஃபே நகரிலிருந்து இயங்கும் ஸ்டார் கிரையோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் விற்கும் ‘மிஸ்டர் ஸ்குவிட்’ என்ற பயிற்சிக் கருவி, இயற்பியல் ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் கண்டக்டஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. பின்னர் இப்போதைய நிறுவனத்தின் கைக்கு வந்தது. உயர் வெப்பநிலை மீக்கடத்தியால் (போதிய அளவு குளிர்ந்ததும் மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருளால்) ஆன ஸ்குவிட் ஒன்றை, அதாவது மீக்கடத்துக் குவாண்டம் குறுக்கீட்டுச் சாதனம் ஒன்றை, திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி மாணவரே இயக்கிப் பார்க்க முடியும் என்பதே இதன் சிறப்பு. இதைப் பொதுவான ஆய்வகக் கருவியாக மதிப்பிடுவது எளிது. நான் இங்கே ஒரே ஒரு கேள்வியை முன்னிறுத்தி மதிப்பிடுகிறேன்: தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளில் மாசூட்டலின் அளவை (வேதிக் கலவையை மாற்றி, மின்னோட்டம் சுமக்கும் துகள்களைக் கூட்டும் அல்லது குறைக்கும் அளவை) மாற்றும்போது எலக்ட்ரான் இணைகளின் சமச்சீருக்கு என்ன நேர்கிறது என்பதை முதுகலை மாணவருக்குக் கற்பிக்க இந்தக் கருவி எவ்வளவு தூரம் துணை வரும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்னோட்டத்தைச் சுமப்பவை தனி எலக்ட்ரான்கள் அல்ல, இணைகளே என்பதை மேசைமீது இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு கருவியை நான் அறியேன். அந்த வகையில் இது வாங்கத் தக்கது. இணையின் வடிவத்தையோ மாசூட்டலின் விளைவையோ இது நேரடியாகக் காட்டாது. அதற்கான காரணம் தயாரிப்பில் இல்லை, இயற்பியலில் இருக்கிறது. அந்தக் காரணத்தை மாணவருக்குப் புரியவைத்தாலே பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

கருவியின் உயிர், யிட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு மென்படலத்தாலான ஒரு சிறு சில்லு. அதில் மீக்கடத்து வளையம் ஒன்றும், வளையத்தின் இரு புறமும் ஒவ்வொரு ஜோசப்சன் சந்தியும், அதாவது எலக்ட்ரான் இணைகள் ஊடுருவிக் கடக்கும் வலுக்குறைந்த இணைப்பும், உள்ளன. வளையத்துக்குள் காந்தப்பாயம் செலுத்தச் சிறு கம்பிச்சுருள்களும் உண்டு. சில்லு ஒரு நீண்ட தண்டின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்நுனியை வெளிக் காந்தப்புலத்திலிருந்து காக்கும் உறை ஒன்று மூடுகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியும், திரவ நைட்ரஜனுக்கான குடுவையும், விரிவான கையேடும் உடன் வருகின்றன. ஆசிலோஸ்கோப் நம்மிடம் இருக்க வேண்டும்.

தண்டை மெதுவாகக் குளிர்வித்து, பெட்டியை மின்னோட்ட–மின்னழுத்த நிலையில் வைத்தால், ஆசிலோஸ்கோப்பின் திரையில் நேர்க்கோடாக இருந்த வரைவு நடுவில் மடிகிறது. மின்னோட்டம் பாய்ந்தும் மின்னழுத்தம் சுழியாக நிற்கும் அந்தத் தட்டையான பகுதியே மீக்கடத்து மின்னோட்டம். அடுத்த நிலைக்கு மாற்றிச் சுருளில் பாயும் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கினால், ஸ்குவிட்டின் மின்னழுத்தம் அலையாக ஏறி இறங்குகிறது. ஒவ்வோர் அலைக்கும் வளையத்துக்குள் ஒரு பாயக் குவாண்டம், அதாவது 2.07 ஃபெம்டோ வெபர், கூடியிருக்கிறது. பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இரு மடங்கால் வகுத்துக் கிடைக்கும் அளவு இது. அந்த ‘இரு மடங்கு’தான் கூப்பர் இணையின், அதாவது இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்த இணையின், கையெழுத்து. சில்லின் பொருள் கண்டுபிடிக்கப்பட்ட 1987ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கஃப் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு வளையத்தை வைத்து இதே குவாண்டத்தை அளந்து, புதிய மீக்கடத்திகளிலும் இணைகளே ஓடுகின்றன என்று நிறுவினர். அந்த அளவீட்டின் சாரத்தை ஒரு பிற்பகலில் மாணவர் தம் கையாலேயே மீட்டுப் பார்க்க முடிகிறது.

நுண்ணலை மூலம் ஒன்று ஆய்வகத்தில் இருக்குமானால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். நுண்ணலையைச் சில்லின்மீது விழச் செய்தால் மின்னோட்ட–மின்னழுத்த வரைவில் படிகள் தோன்றும். 10 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் படிக்குப் படி 20.7 மைக்ரோவோல்ட் இடைவெளி இருக்கும். தனி எலக்ட்ரான்கள் ஓடியிருந்தால் இடைவெளி இதைப்போல இரண்டு மடங்காக இருந்திருக்கும். வளையத்தின் பரப்பு, சுருளின் தூண்டல் எண் என எதையும் அறியாமலே இணையின் மின்னூட்டத்தைப் பெற்றுவிடும் இந்தச் சோதனையைத்தான் நான் கருவியின் உச்சம் என்பேன். நுண்ணலை மூலம் இல்லாத கல்லூரிகள் அதை இரவல் வாங்கியாவது இதைச் செய்து பார்க்க வேண்டும்.

பயன்படுத்துவதில் கவனம் தேவைப்படும் இடங்கள் சில உண்டு. குளிரும்போது அருகில் காந்தம், செல்பேசி, மின்மாற்றி போன்றவை இருந்தால் படலத்துக்குள் காந்தப்பாயம் சிக்கிக்கொள்ளும். மின்னழுத்தமின்றிப் பாயக்கூடிய உச்ச அளவான மாறுநிலை மின்னோட்டம் குறைந்து, அலையின் உயரமும் தேய்ந்து தெரியும். தண்டை மேலே எடுத்து, மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலைக்கு மேல் சூடேற விட்டு மீண்டும் குளிர்விப்பதே இதற்கு வழி. ஒய்பிசிஓ என்று ஆய்வகங்களில் சுருக்கமாக அழைக்கப்படும் யிட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு ஈரப்பதத்துடன் வினைபுரியக் கூடியது. ஆகவே வெளியே எடுத்த தண்டில் பனி உருகி நீராய்த் தங்காதபடி உலர்த்தி வைப்பது சில்லின் ஆயுளைக் கூட்டும். திரவ நைட்ரஜன் கிடைப்பது குறித்துப் பலர் தயங்குகின்றனர். கால்நடைச் செயற்கைக் கருவூட்டலுக்கு உறைவிந்துக் குச்சிகளைச் சேமிக்கத் திரவ நைட்ரஜன் நம் மாவட்டங்கள் தோறும் போய்ச் சேர்கிறது; கல்லூரி அருகில் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்க அது நல்ல இடம்.

இனி இந்த மதிப்புரையின் மையத்துக்கு வருகிறேன். இணை இருக்கிறது என்று கண்டபின் மாணவர் கேட்கும் அடுத்த கேள்வி, அது எப்படிப்பட்ட இணை என்பதாகும். ஈயம், நியோபியம் போன்ற பழைய மீக்கடத்திகளில் இணையின் அலைச்சார்பு எல்லாத் திசையிலும் ஒரே குறியுடன் இருக்கிறது; இதை எஸ்-அலை என்கிறோம். தாமிர ஆக்சைடுகளில் அது நான்கு இதழ் கொண்ட பூவைப் போன்றது: தாமிர–ஆக்சிஜன் பிணைப்பின் திசையில் நீளும் இதழ்கள் நேர்க்குறியும் எதிர்க்குறியுமாக மாறி மாறி நிற்கின்றன, இதழ்களுக்கு நடுவே, 45 பாகைத் திசைகளில், ஆற்றல் இடைவெளி, அதாவது இணையைப் பிரிக்கத் தேவையான ஆற்றல், சுழியாகிவிடுகிறது. அந்தச் சுழித் திசைகளைக் கணுக்கள் என்கிறோம், சமச்சீரை டி-அலை என்கிறோம். இவ்விரண்டையும் வேறுபடுத்தும் அடையாளங்களும் இரண்டு. ஒன்று இடைவெளியின் அளவு திசைக்குத் திசை மாறுவது. மற்றொன்று குறி மாறுவது. அளவை மட்டும் பார்க்கும் சோதனைகள் ஏராளம். குறியைப் பார்க்கும் சோதனைகள் மிகச் சில. மாசூட்டல் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டை மறப்பதால் வந்தவை என்பது என் உறுதியான கருத்து.

குறியைப் பார்க்க வல்லது ஸ்குவிட்தான். அப்படியிருக்க மிஸ்டர் ஸ்குவிட்டால் ஏன் முடியவில்லை? 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வோல்மன், வான் ஹார்லிங்கன் ஆகியோரின் குழு செய்த சோதனையை இதனருகில் வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகும். அவர்கள் ஒய்பிசிஓ ஒற்றைப் படிகத்தின் ஒரு பக்கத்தில் ஒரு சந்தியும், அதற்குச் செங்குத்தான பக்கத்தில் மற்றொரு சந்தியும் அமைத்து, இரண்டையும் ஈயத்தால் இணைத்து வளையமாக்கினர். ஒரு சந்தி நேர்க்குறி இதழைத் தொடுகிறது, மற்றது எதிர்க்குறி இதழைத் தொடுகிறது. அதனால் வளையத்துக்குள் அரைச் சுற்றுக் கட்ட வேறுபாடு (அலையின் ஏற்ற இறக்கத்தில் அரைச் சுற்று விலகல்) பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது. காந்தப்பாயம் சுழியாக இருக்கும்போது பெருமமாக இருக்க வேண்டிய மாறுநிலை மின்னோட்டம் சிறுமமாகிவிடுகிறது. பயிற்சிக் கருவியின் ஸ்குவிட்டிலோ, இரு சந்திகளுக்குமிடையே அத்தகைய உள்ளார்ந்த குறிவேறுபாடு ஏற்படும்படி வளையம் அமைக்கப்படவில்லை. குறி எதுவாயினும் இரண்டிலும் ஒன்றாகவே வந்து கழிந்துபோகிறது.

இதைவிட நுட்பமான தடை ஒன்றும் உள்ளது. மாணவருக்கு இதைச் சுட்டிக்காட்டுவது மிகப் பயனுள்ளது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் பாயத்தின் தொடக்க நிலையை நகர்த்த ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் அலை முழுவதும் இடமோ வலமோ நகர்கிறது. அப்படியானால் திரையில் உண்மையான சுழிப் பாயம் எங்கே இருக்கிறது? உறையைத் தாண்டி வந்த எஞ்சிய புலம், சிக்கிய பாயம், சந்திகளின் ஏற்றத்தாழ்வு ஆகிய எல்லாம் சேர்ந்து அந்தப் புள்ளியை மறைத்துவிடுகின்றன. அரை அலை நகர்ந்திருக்கிறதா என்று அறிய, எங்கிருந்து நகர்ந்தது என்பது தெரிய வேண்டும். இல்லினாய் குழுவினர் செலுத்து மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, சுழி மின்னோட்டத்துக்கு நீட்டிக் கணக்கிட்டே இந்த ஏற்றத்தாழ்வுப் பிழையை நீக்கினர். ஒரு திருகைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலை உணரும் மாணவர், அவர்களின் கட்டுரையைப் பிறகு படிக்கும்போது அதன் ஒவ்வொரு முன்னெச்சரிக்கையும் ஏன் என்று புரிந்துகொள்வார்.

மறுவருடமே, 1994இல், ஐபிஎம் நிறுவனத்தின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வகத்தில் சூயியும் கிர்ட்லியும் சுழியைத் தேட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வழியைக் கண்டனர். மூன்று வெவ்வேறு திசைகளில் நிற்கும் படிகத் துண்டுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும் அடித்தளத்தின்மீது ஒய்பிசிஓ வளையங்களை வரைந்தனர். டி-அலைச் சமச்சீர் இருந்தால், அந்தச் சந்திப்பைச் சூழ்ந்த வளையம் வெளிப்புலமே இல்லாத நிலையிலும் தானாக ஒரு மின்னோட்டத்தை எழுப்பிக்கொண்டு அரைப் பாயக் குவாண்டத்தைச் சுமக்க வேண்டும். நகரும் ஸ்குவிட் நுண்ணோக்கியில் அப்படியே தெரிந்தது. சுற்றியிருந்த மற்ற வளையங்களில் அது இல்லை. இந்தப் பணிகளுக்காக வான் ஹார்லிங்கன், கின்ஸ்பெர்க், கிர்ட்லி, சூயி ஆகிய நால்வருக்கும் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் 1998ஆம் ஆண்டுப் பக்லி பரிசு கிடைத்தது.

இப்போது மாசூட்டல். சில்லில் உள்ள படலத்தின் ஆக்சிஜன் அளவு தயாரிப்பின்போதே நிலைத்துவிட்டது. அதை நாம் மாற்ற இயலாது, மாற்ற முயலவும் கூடாது. ஆகவே இந்தப் பகுதியில் கருவி ஒரு தனிப் புள்ளியை மட்டுமே தருகிறது, வரைவு முழுவதையும் ஆசிரியர் தர வேண்டும். அந்த வரைவு இப்படிப்பட்டது. மாசூட்டாத தாய்ப்பொருள் மின்கடத்தாப் பொருள். தாமிர அணுக்களின் காந்தத் திருப்பங்கள் ஒன்றுக்கொன்று எதிராக அடுக்கப்பட்டிருக்கும் எதிர்ஃபெர்ரோகாந்தம் அது. தாமிர அணு ஒன்றுக்கு ஏறத்தாழ 0.05 துளை (எலக்ட்ரான் நீங்கிய காலியிடம்) சேர்ந்ததும் மீக்கடத்தல் தொடங்குகிறது, 0.16இல் மாறுநிலை வெப்பநிலை உச்சம் தொடுகிறது, 0.27 அளவில் மறைகிறது. உச்சத்துக்குக் கீழே உள்ள அளவைக் குறைமாசு என்றும், மேலே உள்ளதை மிகைமாசு என்றும் சொல்கிறோம். ஒய்பிசிஓவில் துளைகளைத் தருபவை தாமிர–ஆக்சிஜன் சங்கிலிகள்: வாய்பாட்டில் ஆக்சிஜன் 6 என்றிருக்கும்போது அது மின்கடத்தாப் பொருள், 6.6 அருகே 60 கெல்வின் மீக்கடத்தி, 6.93 அருகே 93 கெல்வின், முழுமையாக 7ஐ எட்டும்போது மிகைமாசு பெற்று 90 கெல்வினுக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. அதற்கும் அப்பால் போக யிட்ரியத்தின் இடத்தில் கால்சியத்தைச் சேர்க்க வேண்டும்.

மாறுநிலை வெப்பநிலை இவ்வளவு ஏறி இறங்கும்போது சமச்சீரும் மாறும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மாறவில்லை என்பதுதான் முப்பது ஆண்டு ஆய்வின் தலையாய செய்தி. சூயி, கிர்ட்லி குழு 2004இல் தம் மூன்று படிகச் சோதனையை ஒய்பிசிஓவோடு நிறுத்தாமல், கால்சியம் சேர்த்த ஒய்பிசிஓ, லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் தாமிர ஆக்சைடு, பிஸ்மத் தாமிர ஆக்சைடு ஆகியவற்றுக்கும், குறைமாசு முதல் மிகைமாசு வரை பல அளவுகளுக்கும் நீட்டியது. அரைக் குவாண்டம் எல்லாவற்றிலும் நின்றது. வேறொரு முனையிலிருந்தும் இதே முடிவு வருகிறது. மாறுநிலை வெப்பநிலை 15 கெல்வினாகத் தாழும் வரை மிகைமாசு ஏற்றிய தாலியம் தாமிர ஆக்சைடின் வெப்பக் கடத்தலை 2002இல் புருஸ்ட், தைஃபேர் முதலியோர் அளந்தபோது, கணுக்களில் எஞ்சும் கிளர்வுகள் டி-அலைக் கோட்பாடு சொன்ன அளவிலேயே வெப்பத்தைக் கடத்தின.

இந்த உறுதிக்குக் காரணத்தை மாணவருக்கு எளிதாகவே விளக்கலாம். ஒரே தாமிர அணுவில் இரு எலக்ட்ரான்கள் அமர்வதை வலுவான மின்விலக்கம் தடுக்கிறது. எஸ்-அலை இணையில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் வாய்ப்பு உண்டு; டி-அலை இணையில் அந்த இடத்தில் அலைச்சார்பு சுழி. இணை சேர்வது அண்டை அணுக்களுக்கிடையே, அங்கே எதிர்ஃபெர்ரோகாந்தப் பரிமாற்றம் பசையாக நிற்கிறது என்ற விளக்கத்தையே இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர். துளைகளைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த விலக்கமும், தாமிர–ஆக்சிஜன் தளத்தின் சதுர அமைப்பும் மறைவதில்லை. ஆகவே குறி மாறும் தன்மையும் நிலைக்கிறது.

மாசூட்டல் மாற்றுவது சமச்சீருக்குள் உள்ள விவரங்களை. முதலாவது, இடைவெளியின் அளவு. சாதாரண மீக்கடத்தியில் மாறுநிலை வெப்பநிலை குறைந்தால் இடைவெளியும் குறையும். குறைமாசு தாமிர ஆக்சைடுகளில் இதழ் நுனியின் இடைவெளி, மாறுநிலை வெப்பநிலை இறங்க இறங்கப் பெரிதாகிறது. அங்கே மீக்கடத்தலோடு மாறுநிலை வெப்பநிலைக்கு மேலும் நீடிக்கும் போலி இடைவெளி என்னும் வேறொரு நிகழ்வும் கலந்து நிற்கிறது, அது 0.19 துளை அளவுக்கருகில் ஒழிகிறது. இதழ் நுனியை நம்பினால் ஏமாறுவோம் என்பதால், கணுவுக்கருகில் இடைவெளி எவ்வளவு செங்குத்தாகத் திறக்கிறது என்பதையே இணைச்சேர்க்கையின் நம்பகமான அளவாகப் பலர் கொள்கின்றனர். இரண்டாவது, பூவின் வடிவம். குறைமாசில் அது எளிய கொசைன் வாய்பாட்டிலிருந்து விலகி, கணுவின் அருகே தட்டையாகிறது. மிகக் குறைந்த மாசில், பிஸ்மத் சேர்மத்தில் 0.08 துளைக்குக் கீழே, கணு இருக்க வேண்டிய திசையிலும் ஓர் இடைவெளி திறப்பதாக 2012இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒளியெலக்ட்ரான் அளவீட்டில் (ஒளியால் வெளியேற்றிய எலக்ட்ரான்களின் ஆற்றலை அளப்பதில்) கண்டது. அதைச் சமச்சீர் மாற்றம் என்பதைவிட, மீக்கடத்தல் மறையும் எல்லையில் இன்னொரு ஒழுங்கு நுழைவதாகக் கொள்வதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. குறி மாறவில்லை என்று காட்டும் சோதனைகளோடு அதுவே பொருந்துகிறது.

மூன்றாவது, துணைக் கூறுகள். ஒய்பிசிஓவின் படிகம் சரியான சதுரம் இல்லை. சங்கிலிகள் ஒரு திசையில் ஓடுவதால் அது சற்று நீள்சதுரம். ஆகவே அதில் டி-அலையோடு சிறிது எஸ்-அலையும் கலந்தே தீர வேண்டும். 2006இல் கிர்ட்லியும் நெதர்லாந்தின் டிவென்டே பல்கலைக்கழகக் குழுவினரும் வளையங்களைத் திசைதிசையாக அமைத்து அளந்தபோது, கணுக்கள் 45 பாகையிலிருந்து சில பாகை விலகி நிற்பதைக் காட்டினர். ஆக்சிஜனைக் கூட்டினால் சங்கிலிகள் நிறைகின்றன, நீள்சதுரத் தன்மையும் கூடுகிறது. எனவே ஒய்பிசிஓவில் மாசூட்டலின் நேரடி விளைவையும், படிக வடிவத்தின் விளைவையும் பிரித்தறிவது எளிதன்று. டெல் அவீவில் டாகன், டாய்ச்சர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட, எலக்ட்ரான்கள் மெல்லிய தடையை ஊடுருவிக் கடப்பதை அளக்கும் ஊடுருவல் அளவீடுகளில், உச்ச மாசுக்கு மேற்பட்ட படலங்களில் சுழி மின்னழுத்தச் சிகரம் புலமின்றியே பிளவுபடுவது தெரிந்தது. படலத்தின் மேற்பரப்பில் இரண்டாவது கூறு ஒன்று கற்பனைக் கட்டத்தோடு (அதாவது கால் சுற்று விலகலோடு) சேர்வதாக அவர்கள் அதை விளக்கினர். இது மேற்பரப்புக்கு உரியதா, உட்பகுதிக்கும் உரியதா என்ற விவாதம் தொடர்கிறது.

எலக்ட்ரான்களால் மாசூட்டப்படும் சேர்மங்களைப் பாடத்தில் விடாமல் சேர்க்க வேண்டும் என்பேன். 1989இல் டோகுரா, தகாகி, உச்சிடா ஆகியோர் கண்டறிந்த நியோடிமியம் சீரியம் தாமிர ஆக்சைடு வகைகள் அவை. அவற்றில் சமச்சீர் மாசூட்டலோடு மாறுகிறது என்று ஒருகாலத்தில் வலுவாக வாதிடப்பட்டது. 2002இல் காந்த ஊடுருவல் ஆழத்தை அளந்த ஒரு குழுவும், முனைத்தொடுகை நிறமாலையை (கூரிய முனை தொடும் இடத்தில் பாயும் மின்னோட்டத்தை ஆராயும் முறையை) பயன்படுத்திய மற்றொரு குழுவும், பிரசியோடிமியம் சீரியம் சேர்மத்தில் குறைமாசில் டி-அலையும் மிகைமாசில் எஸ்-அலையும் உள்ளதாக முடிவு செய்தன. இரண்டுமே குறியைப் பார்க்காமல் அளவைப் பார்த்த சோதனைகள். குறியைப் பார்த்த சோதனைகளோ வேறு கதை சொல்லின: சூயி, கிர்ட்லி 2000இலேயே உச்ச மாசில் அரைக் குவாண்டத்தைக் கண்டிருந்தனர், 2005இல் டிவென்டேயில் அரியாண்டோ முதலியோர் நியோபியத்தோடு வளைந்து வளைந்து செல்லும் சந்திகளை அமைத்து, உச்ச மாசிலும் மிகைமாசிலும் டி-அலையே நிலவுவதைக் காட்டினர். இந்தச் சேர்மங்களில் எதிர்ஃபெர்ரோகாந்த ஒழுங்கு நெடுந்தூரம் நீடிப்பதால் ஃபெர்மி பரப்பு, அதாவது மின்னோட்டத்தில் பங்கேற்கும் எலக்ட்ரான்கள் எந்தெந்தத் திசைகளில் உள்ளன என்று காட்டும் பரப்பு, துண்டாகிறது. கணுத் திசையில் ஃபெர்மி பரப்பே இல்லாமல் போனால், கணு இருந்தும் அளவீட்டில் தென்படாது. மாசூட்டல் மாற்றியது எலக்ட்ரான்கள் நிற்கும் இடத்தை. அது சமச்சீர் மாறியதுபோன்ற தோற்றம் தந்திருக்கலாம்.

இவ்வளவையும் கரும்பலகையில் மட்டும் சொன்னால் மாணவருக்கு ஒட்டாது. கருவியோடு சேர்த்துச் செய்யக்கூடிய ஒரு துணைச் சோதனையைப் பரிந்துரைக்கிறேன். ஒய்பிசிஓ வில்லைகள் இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை ஆக்சிஜன் ஓட்டத்தில் 450 செல்சியஸ் அருகே நெடுநேரம் வைத்து மெதுவாக ஆற விட வேண்டும். மற்றொன்றை ஆக்சிஜன் குறைந்த வளிமத்தில் அதைவிட உயர்ந்த வெப்பநிலையில் வைத்துச் சட்டென்று குளிர்விக்க வேண்டும். திரவ நைட்ரஜனில் முதல் வில்லை காந்தத்தை மிதக்கவிடும், ஆக்சிஜன் 6.6க்குக் கீழே இறங்கிய இரண்டாவது வில்லை 77 கெல்வினில் மீக்கடத்தியாகவே இராது, காந்தம் அப்படியே கிடக்கும். மாசூட்டல் எவ்வளவு வலிய கைப்பிடி என்பதை மாணவர் கண்ணால் காண்பார். அதன்பின் கருவியின் தண்டை மெதுவாகக் குளிர்வித்து, வெப்பநிலை உணரியின் துணையோடு மின்தடை மறையும் வெப்பநிலையைக் குறித்தால், தம் சில்லு மாசூட்டல் வரைவில் உச்சத்துக்கு அருகில் நிற்கிறதா என்று அவரே மதிப்பிடலாம். இயன்றால் மூன்றாவது வில்லை ஒன்றில் தாமிரத்தின் இடத்தில் சில விழுக்காடு துத்தநாகம் கலந்து பார்க்கலாம். துத்தநாகத்துக்குக் காந்தத் தன்மை இல்லை. எஸ்-அலை மீக்கடத்தியை அத்தகைய மாசு பெரிதாகப் பாதிக்காது. இங்கோ மாறுநிலை வெப்பநிலை விழுக்காட்டுக்குப் பத்து கெல்வின் அளவில் சரிகிறது. நேர்க்குறி இதழில் இருந்த எலக்ட்ரான் சிதறி எதிர்க்குறி இதழுக்குப் போய் இணையைக் கலைப்பதே இதற்கு முதன்மைக் காரணம். குறி மாறுவதன் விளைவைத் திரவ நைட்ரஜன் வெப்பநிலையில் மறைமுகமாகவேனும் காண இதைவிட மலிவான வழி இல்லை.

தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு விருப்பம் உண்டு. இல்லினாய் குழுவினர் செய்தது போன்ற, ஈயம் சேர்ந்த மூலை ஸ்குவிட்டுக்குத் திரவ ஹீலியம் வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு அது எட்டாது. ஆனால் நான்கு படிகத் துண்டுகளாலான அடித்தளத்தில் ஒய்பிசிஓவை மட்டுமே கொண்டு, உள்ளார்ந்த அரைச் சுற்றுக் கட்ட வேறுபாடுடைய ஸ்குவிட்டை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் மான்ஹார்ட் குழு 2000ஆம் ஆண்டிலேயே செய்துகாட்டியது. அதே சில்லில் சாதாரண ஸ்குவிட் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால், ஒன்றின் அலை மற்றதற்கு அரை அலை தள்ளி நிற்பதை மாணவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உண்மையான சுழி எங்கே என்ற சிக்கலும் ஒப்பீட்டிலேயே பெருமளவு தீரும். அத்தகைய துணைச் சில்லு சற்று விலை கூடுதலாக வந்தாலும் முதுகலை ஆய்வகங்கள் வாங்கும் என்று நம்புகிறேன்.

இப்போதுள்ள நிலையில், இளங்கலை வகுப்புக்கு மீக்கடத்தலை அறிமுகம் செய்வது மட்டுமே நோக்கமானால் மிதக்கும் வில்லைத் தொகுப்பு போதும். இந்தக் கருவிக்குச் செலவிட வேண்டியதில்லை. முதுகலையில் திண்மநிலை இயற்பியலைச் சிறப்புப் பாடமாக வைத்திருக்கும் துறைகள், ஆய்வு மாணவருக்கு ஸ்குவிட் அளவீட்டில் கைப்பழக்கம் தர விரும்பும் ஆய்வகங்கள் ஆகியவை தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது ஒரு மாற்றுத் தண்டையும் சேர்த்துக் கேட்டு விலைப்புள்ளி பெறுவது நல்லது: மாணவர் பலர் கைப்பட்ட ஆய்வகத்தில் முதலில் பழுதாகக் கூடியது அதுவே, கட்டுப்பாட்டுப் பெட்டி நெடுநாள் உழைக்கும்.